தேங்காய் போன வழி

1

வேனுக்குப் பூசை போட்ட அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்.

என் அக்கா முனியம்மா. ஓசூர் தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே வடைக்கடை வைத்திருந்தவள்.

அக்கா புருஷன் கோவிந்தன் மாமா. வேனுக்குச் சொந்தக்காரர் ஆகி அன்றோடு மூன்று நாள்.

பூசாரி திம்மப்பா. தெலுங்குக்காரர். பெரிய கை.

பக்கத்து வீட்டு லட்சுமக்கா. கன்னடத்தில் திட்டுவாள், தமிழில் ஆறுதல் சொல்வாள்.

ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் எட்டுப் பேர். முதல் டிரிப்பு இலவசம் என்று மாமா சொல்லியிருந்தார். ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை.

பூனை மூன்று. யாரும் கூப்பிடவில்லை.

வேன். வெள்ளை. புதுப் பெயிண்ட். மாலை போட்டிருந்தது.

நான்.

2

இங்கே வந்து பத்து வருஷம் முடிந்தது. கனடா. ஊர் சின்ன ஊர். பேர் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது. எனக்கும் இன்னும் முழுசாக நுழையவில்லை.

பத்து வருஷம் ஆனதற்குச் சம்சாரம் சரோஜா கேசரி கிளறினாள். நான் ஒரு பழைய வேன் வாங்கினேன். இரண்டும் ஒரே நாள். கேசரி நன்றாக இருந்தது.

எனக்கு பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. வெல்டிங். காலை ஐந்தரைக்கு எழுந்து வண்டி மேல் உள்ள பனியைச் சுரண்டி, ஆறரைக்குக் கார்டு அடிக்க வேண்டும். முகமூடி போட்டு வேலை செய்கிற இடத்தில் பேச்சு கம்மி. அது எனக்கு ஒத்துப்போயிற்று.

ஒத்துப்போகாதது உப்பு.

பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள். கை உப்பு, படி உப்பு இல்லை. லாரி லாரியாக. பனி உருகுவதற்காம். நம் பக்கத்தில் ஒரு கல் உப்பு கீழே விழுந்தால் பொறுக்கித் தண்ணீரில் போடுவோம். சரோஜா முதல் வருஷம் உப்பை மிதிக்க மாட்டேன் என்று ரோட்டை விட்டு ஓரமாக நடந்தாள். ஓரத்தில் பனி. வழுக்கி விழுந்து ஒரு மாதம் கையில் கட்டு. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தாய் என்று கேட்டார்கள். உப்புக்கு மரியாதை கொடுத்து விழுந்தாள் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. "ஸ்லிப்பு" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ரோட்டில் உப்பு கிடந்தால் வண்டிக்கு அடியில் துரு. அதனால் இங்கே பழைய வண்டி வாங்குகிறவன் குனிந்து பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும். தகரத்தோடு பழகியே வயசு போனவன். ஆனாலும் குனியவில்லை. விற்றவன் கை கொடுத்தான். காபி கொடுத்தான். மகள் பக்கத்தில் நின்று "அப்பா, குளிருது, சீக்கிரம்" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் வேனுக்குள் இருந்த ரப்பர் பாயைத் தூக்கி, விரலை மடக்கித் தட்டினேன். நல்ல தகடு டங் என்னும். துரு மேல் பட்டி பூசி மறைத்த தகடு தொப் என்னும்.

தொப் என்றது.

நான் சிரித்துவிட்டேன். சரோஜாவுக்கு ஆகவில்லை. "காசு போயிருக்குது, பல்லைக் காட்டறியே" என்றாள்.

மகள் சுமதி வந்தாள். பதினாறு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் பேர் சூ. ஏன் என்று கேட்டதற்குச் சுமதி நீளம் என்றாள். மூன்று எழுத்து.

"என்னப்பா, எதுக்குச் சிரிக்கிற?"

"தேங்காய்."

"வாட் தேங்காய்?"

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் பேச்சு அந்த அளவுதான். தப்பு என்னுடையது. அவள் கேட்கிறாள். நான்தான் ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறேன்.

அன்றைக்கு அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

3

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். அது உங்களுக்குத் தெரியும். அந்த எல்லையில்தான் நஞ்சப்பா முதலாளி பழைய வேன் வாங்கி விற்றார். ஆபீஸ் அந்தப் பக்கம், பட்டறைக் கொட்டகை இந்தப் பக்கம். நடுவில் எல்லைக்கல். மத்தியானம் என் சோற்று டப்பாவை அதன் மேல் வைப்பேன். இரண்டு சர்க்காருக்கும் பொதுவான சோறு.

முதலாளி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கன்னடம், வாங்க வருகிறவர்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. சுமதி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே சரோஜாவை ஏற்றிப் போனார். தினம் மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கிண்ணம் சாம்பார் வரும். ஆறு வருஷம் அந்தச் சாம்பார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. "வேன் வாங்கறவன் மேல பாப்பான். கீழ பாக்கறவன் வாங்கவே மாட்டான். நீ மேல பளபளன்னு வையப்பா."

நான் டிங்கர். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் அது வண்டி ஓட்டுகிறவனுக்கு. துரு மேலேயே டின் தகட்டை வைத்து ரிவிட் அடித்து, பட்டி பூசி, மேலே தார் அடித்தால் அது வண்டி விற்கிறவனுக்கு. இரண்டும் என் கைக்கு வரும். முதலாளி எதைச் சொல்கிறாரோ அதைச் செய்வேன். கேள்வி கேட்பது என் வழக்கம் இல்லை.

டின் எங்கிருந்து வந்தது என்றால், அக்கா கடையிலிருந்து. வடை சுடுகிற எண்ணெய் பதினைந்து கிலோ டின்னில் வரும். பக்கத்தில் பச்சைக் கிளி படம். காலி டின்னை எனக்குக் கொடுத்துவிடுவாள். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு டின் எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்துகொள்ள, தினம் கடை கட்டும்போது கிளிக்குக் கீழே ஆணியால் ஒரு கோடு கிழிப்பாள். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுவாள். மாமா எண்ணெயை எடுத்துத் தலைக்குத் தேய்த்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நாள் நீல வேன் ஒன்று வந்தது. மங்களூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு மீன் ஏற்றிய வண்டி. பெட்டியில் ஐஸ், ஐஸில் உப்பு, அந்தத் தண்ணீர் வருஷக்கணக்கில் தரையில் ஊறியிருந்தது. சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம். புளி போட்டுக் கழுவினோம். மூன்று நாள் சாம்பிராணி போட்டோம். மனுஷனுக்கு வாசனை போய்விட்டது. பூனைக்குப் போகவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கத்துப் பூனைகளும் அதன் அடியில் வந்து படுத்தன.

தரைத் தகடு பல இடத்தில் முறுக்கு மாதிரி நொறுங்கியது. "முதலாளி, இது மாத்தணும்" என்றேன். நான் அதிகம் பேசியது அந்த வருஷத்தில் அதுதான்.

"மாத்தினா எனக்கு என்ன மிச்சம்? ஒட்டு போடு மாதப்பா" என்றார்.

போட்டேன். எத்தனை ஒட்டு என்று எண்ணினேன். மூன்றாங்கிளாஸ் வரைக்கும் படித்தவன். எழுத்து அப்போதே போய்விட்டது, இங்கே வந்து மாமாவுக்குக் கடுதாசி எழுதித்தான் திரும்ப வந்தது. எண் மட்டும் என்றைக்கும் போகவில்லை. எதையும் எண்ணிவிடுவேன்.

அந்த வேலை முடித்த கையோடு வேப்பனப்பள்ளிக்குப் போனேன். மாமனாருக்கு மாங்காய் இறக்குகிற சமயம். பதினைந்து நாள். திரும்பி எங்கள் ஊர் கெலமங்கலத்துக்கு வந்து இறங்கினால், பஸ் ஸ்டாண்டிலேயே சொன்னார்கள். "உங்க அக்கா வேன் வாங்கிட்டா. இன்னைக்குப் பூசை. ஓடு ஓடு."

அக்கா சங்கிலியையும் கல்யாணக் கம்மலையும் விற்று வாங்கியிருந்தாள். கெலமங்கலத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்ற. வடைச்சட்டி முன்னால் உட்கார்ந்து அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்த நேரம். வேன் ஓடினால் கடையை மூடிவிடலாம் என்று கணக்கு.

4

ஓடினேன். வேன் வெள்ளையாக நின்றது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் அடியில் பார்த்தேன். பூனை மூன்று.



"எங்க வாங்கினே?" என்று அக்காவைக் கேட்டேன்.

"எங்க வாங்குவேன்? உங்க முதலாளிகிட்டதான். தம்பி வேலை செய்யற எடத்த விட்டுட்டு வேற எவங்கிட்டப் போவேன்? அவரே சொன்னாரு, உன் தம்பி கையால பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி முனியம்மா, கண்ண மூடிட்டு எடுத்துக்கன்னு."

அவர் சொன்னது பொய் இல்லை.

நான் வாயைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் நான்கு சக்கரத்துக்கும் வைத்தாயிற்று. சூடம் ஏற்றியாயிற்று. பூசை நேரத்தில் அபசகுனமாக ஒரு சொல் சொல்லக் கூடாது. அது எங்களுக்கு ரத்தத்தில் உள்ளது. வீடு எரிந்தாலும் மங்களாரத்தி முடிந்துதான் சொல்வோம். சரி, சூடம் அணையட்டும், சொல்லலாம் என்று நின்றேன்.

அடுத்து தேங்காய். முதல் நாள் நல்ல மழை. வேனுக்கு முன்னால் முழங்கால் சேறு. சேற்றில் அடித்தால் தேங்காய் உடையாது. உடையாத தேங்காய் உடைந்த குடும்பம் என்பார்கள். திம்மப்பா சுற்றும் முற்றும் கல்லைத் தேடினார். இல்லை. வேன் பக்கக் கதவு திறந்திருந்தது. பாய் போடாத இடத்தில் தரை பளபளவென்று இருந்தது.

"இரும்பு உந்தி கதா! இரும்புதான் இருக்குதே! ஒரே அடி" என்றார்.

"இங்க வேணாம் சாமி" என்றேன்.

"வாய மூடுடா. நல்ல நேரம் போவுது" என்றாள் அக்கா.

திம்மப்பா கையை ஓங்கினார். பெரிய கை என்று முதலிலேயே சொன்னேன்.

டங் என்று கேட்கவில்லை. தொப் என்று கேட்டது. தேங்காய் தரைக்குள் போனது. அதன் பின்னால் திம்மப்பாவின் கை போனது. முழங்கை வரைக்கும்.

வேனுக்கு அடியில் தேங்காய் உடையாமல் சேற்றில் கிடந்தது. ஒரு பூனை அதை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் படுத்தது.

"அய்யோ தேவுடா, வேன் என் கையைப் பிடிச்சுக்கிச்சு" என்றார் திம்மப்பா.

லட்சுமக்கா கன்னடத்தில் ஆரம்பித்தாள். ஷிப்டு ஆளில் ஒருவன், "மாமா, இதுக்கு டீசல் வேணாம். ஆளுக்கு ரெண்டு காலு கீழ விட்டு ஓடிடலாம்" என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். மாமா மட்டும் மாலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

திம்மப்பாவின் கையை வெளியே எடுக்கத் தகட்டை நெம்ப வேண்டியிருந்தது. நெம்பியது நான்தான். ஒட்டு கழன்று வந்தது. பின்பக்கம் பச்சைக் கிளி. தலை இல்லை, வால் இருந்தது. கிளிக்குக் கீழே ஆணிக் கோடு. நான்கு நேர்க்கோடு, ஒரு குறுக்கு.

அக்கா அதை வாங்கித் தன் முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"டேய் மாதப்பா. இது நம்ம கடை டின்னு."

ஆமாம் என்றேன்.

"நீயா போட்ட?"

ஆமாம் என்றேன்.

தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவள் என்னை அடித்திருக்கலாம். அன்றைக்கு ஷிப்டு ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அக்கா சாயங்காலம் போய்க் கடையைத் திறந்து வடைச்சட்டி வைத்தாள். இருமிக்கொண்டே சுட்டாள்.

5

மறுநாள் மாமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில், "காசு எங்க கொடுத்தே?" என்றார்கள். ஆபீஸில். ஆபீஸ் அந்தப் பக்கம். "அப்ப அங்க போ."

அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் கன்னடத்தில் கேட்டார்கள். "ஒட்டு எங்க போட்டாங்க?" கொட்டகையில். கொட்டகை இந்தப் பக்கம். "அப்ப அங்க ஹோகு."

"எல்லைக்கல்லு மேலயே வேனை நிறுத்திட்டா ரெண்டு பேரும் வருவீங்களா சார்?" என்று மாமா கேட்டிருக்கிறார். ரோட்டை மறிச்ச கேசு போடுவோம் என்று இரண்டு பக்கமும் சொன்னார்களாம். அதில் மட்டும் ஒற்றுமை.

நுகர்வோர் கோர்ட் என்று ஒன்று அப்போது நம் பக்கத்தில் இல்லை. பிற்பாடு வந்தது என்று கேள்வி. அப்போது இருந்தது முதலாளியிடம் நேராகப் போய் நிற்பது ஒன்றுதான்.

மாமா தனியாகப் போனார். முதலாளி காபி வரவழைத்தார். "துருவா? நனகே கொத்தில்லப்பா. எனக்குத் தெரியாதே. நானும் வாங்கித்தானே வித்தேன். பாத்துத்தானே எடுத்தீங்க?" என்றார். விற்ற காகிதத்தையும் காட்டினார். உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியாகி வாங்கிக்கொண்டேன் என்று அதில் இருந்தது. கீழே மாமா கையெழுத்து.

தெரியாது என்றால் பொறுப்பு இல்லை. தெரிந்து மறைத்தால் பொறுப்பு உண்டு. அதை மாமாவும் ஒத்துக்கொண்டார், முதலாளியும் ஒத்துக்கொண்டார். அவருக்குத் தெரியும் என்று தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் கொட்டகையில் வேறு ஒரு வேனுக்கு ரிவிட் அடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் அவனுக்குச் சாம்பார் வந்தது. எல்லைக்கல் மேல் வைத்து, அவன் அதைத் தின்றான்.

6

இங்கே வேன் விற்றவனிடம் சுமதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் திரும்பவும் கை கொடுத்தான், திரும்பவும் காபி கொடுத்தான். துரு என்றதும், எனக்குத் தெரியாதே என்றான். காகிதம் காட்டினான். உள்ளது உள்ளபடி.

இங்கிலீஷில் கேட்டபோதும் எனக்கு நஞ்சப்பா குரல்தான் கேட்டது.

"நான் வேன் வாங்கினேன். ஓட்டை வாங்கவில்லை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சுமதி வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாள். அப்புறம் அதையே பத்து வரியில் அவள் சொன்னாள். அவள் சொன்னபோது அவன் காபியைக் கீழே வைத்தான்.

பின்னால் அவன் பட்டறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவன் தலைக்குமேல் தூக்கிய வண்டிக்கு அடியில் தார் அடித்துக்கொண்டிருந்தான். எந்த நாட்டுக்காரன் என்று தெரியவில்லை. எங்களைப் பார்த்தான். சட்டென்று திரும்பிக்கொண்டான். முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. அந்த முதுகு என்னிடமும் இருந்தது.

நான் அவனைக் கை காட்டவில்லை. வேனை உள்ளே கொண்டுபோய்ப் பாயைத் தூக்கி, பட்டியைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டினேன். பட்டி புதிது. துரு பழையது. பழைய துரு மேல் புதுப் பட்டி தானாக வந்து உட்காராது. இதைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை.

அவன் யோசிக்கிறேன் என்றான். நாங்கள் சர்க்கார் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு அம்மா, தெரிந்து மறைத்திருந்தால் அந்தக் காகிதம் அவனைக் காப்பாற்றாது என்றாள். எட்டுப் பக்கத்தில் ஒரு புகார் பாரம் கொடுத்தாள். வண்டிக்கும் உமக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வி. "முதல்ல காதல், இப்ப சண்டை" என்று சுமதி தமிழில் சொன்னாள். அவள் என்னிடம் தமிழில் ஜோக் சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்தது. இரண்டு பேரும் சிரித்ததில் அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டாள்.

திரும்பி வரும்போது வண்டியில் சுமதி கேட்டாள்.

"அவனுக்குத் தெரியும்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"நானும் போட்டிருக்கிறேன்."

"வாட்?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். வெளியே உப்பு லாரி போயிற்று. சொன்னேன். பத்து வருஷத்தில் அவளிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. கிளி, பூனை, திம்மப்பா கை எல்லாம். கை போன இடத்தில் அவள் அழுகிற மாதிரி சிரித்தாள். அத்தை மூச்சு இழுத்துக்கொண்டு வடை சுட்ட இடத்தில் சிரிப்பு நின்றது.

"அப்புறம் அத்தை வேன் என்ன ஆச்சு?"

ஓடியது. ஒன்பது வருஷம் ஓடியது. தகடு முதலாளி கொடுத்தார், மொத்தத் தரையையும் வெட்டிப் போட்டுவிட்டு நான் வெல்டிங் அடித்தேன். பத்து நாள் வேலை. அந்தப் பத்து நாளும் அவர் என்னோடு பேசவில்லை. சாம்பாரும் வரவில்லை. பதினோராம் நாள், "நாளைக்கு வராதே மாதப்பா" என்றார். தெலுங்கில் சொல்லவில்லை, தமிழிலேயே சொன்னார். அப்புறம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வெல்டர் ஆனேன். வெல்டர் ஆனதால்தான் சரோஜாவின் அண்ணன் இங்கே கூப்பிட முடிந்தது. அக்கா கடையை மூடினாள். இரண்டு மழைக்குப் பிறகு பூனைகளும் வருவதை நிறுத்தின.

"நீ முதலாளிகிட்டப் போய் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"ஒரு வார்த்தை."

"அதானே பாத்தேன்" என்றாள் சுமதி. அப்படியே அவள் அத்தை குரல்.

என்ன வார்த்தை என்று கேட்டாள். சொன்னேன். அதை நான் வாயால் சொன்னது இரண்டாவது தடவை. முதல் தடவை கீழே உள்ளது.

இங்கே விற்றவன் போன வாரம் போன் செய்தான். தரையைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்கிறான். பாரத்தை அனுப்ப வேண்டாம் என்கிறான். போட்டு முடித்தபின் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சுமதி பதில் சொன்னாள்.

7

பூசை முடிந்து நான்காம் நாள். மாமா வேனை ஓட்டிக்கொண்டு எல்லைக்கு வந்தார். அக்கா முன்சீட்டில், மடியில் கிளித் தகடு. ஷிப்டு முடிந்த ஆட்கள் நான்கைந்து பேரும் பின்னால் வந்திருந்தார்கள். வேனில் இல்லை, நடந்து.

முதலாளி ஆபீஸிலிருந்து வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன முனியம்மா, ஊர்வலமா?"

அக்கா தகட்டை நீட்டினாள். "இது என் கடை டின்னு. இது நான் கிழிச்ச கோடு. இது உங்க வண்டியில எப்படி வந்துச்சு?"

முதலாளி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிளி டின்னு ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எல்லா ஓட்டல்லயும் இருக்குதம்மா. கோடு எவன் வேணா கிழிப்பான். நேத்து ராத்திரி நீங்களே கூட வெச்சு அடிச்சிருக்கலாம். நான் சொல்லலே, கேக்கறவன் அப்படித்தானே கேப்பான்?"

அக்கா வாயைத் திறந்தாள். இருமல் வந்தது.

"சரி, போகட்டும். உன் தம்பி முகத்துக்காக ஒண்ணு செய்யறேன்" என்றார். உள்ளே போய் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். உரக்கப் படித்தார். தேங்காய் விழுந்த ஓட்டை ஒன்றை முதலாளி நல்ல மனசோடு சும்மாவே அடைத்துத் தருவார். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கும் அவருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. மாமா கையெழுத்துப் போட வேண்டும்.

மாமா களைத்துப் போயிருந்தார். இரண்டு போலீஸ் ஸ்டேஷன் பார்த்த மனுஷன். பேனாவை வாங்கிக்கொண்டார். காகிதம் வைக்க இடம் தேடினார். எல்லைக்கல் மேல் வைத்தார். என் சோற்று டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினார். பக்கத்தில் சாம்பார்க் கிண்ணம். இன்னும் சூடு இருந்தது.

நான் கொட்டகை வாசலில் சுத்தியலோடு நின்றேன்.

"ஒரு ஓட்டை. ஒரே ஒரு ஓட்டைக்கு இவ்ளோ ஊரைக் கூட்டணுமா கோவிந்தா?" என்று முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் நான் வாய் திறந்தது அவருக்கு ஒரே தடவைதான் ஞாபகம் இருக்கும். அந்தத் தைரியத்தில் கேட்டார்.

"நம்பிக்கை இல்லேன்னா இவன்கிட்டயே கேளுங்க. இவன்தானே மேஸ்திரி. பொய் சொல்ல மாட்டான். ஏன்டா மாதப்பா, அந்த வண்டியில எத்தனை ஓட்டை?"

மாமா பேனா காகிதத்தில் பட்டு நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"பத்தொன்பது."